பிளாங்ஸ்டியின் ‘கறுப்பு ஆல்பம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்த ஆல்பத்தைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, மொத்தமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது எந்த ஆல்பம்? தேடினால் ‘பிளாங்ஸ்டி’ என்றும் வருகிறது, ‘பிளாக் ஆல்பம்’ என்றும் வருகிறது.

இரண்டும் ஒன்றுதான். பிளாங்ஸ்டி என்பது அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக்குழு. முதல் ஆல்பத்துக்குத் தனிப் பெயர் எதுவும் வைக்காமல் குழுவின் பெயரையே வைத்தார்கள். அட்டை கறுப்பு என்பதால் ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘கறுப்பு ஆல்பம்’. 1972 செப்டம்பரில் லண்டனில் கமாண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். 1973இல் பாலிடோர் நிறுவனம் வெளியிட்டது. பக்கத்துக்கு 6 வீதம் மொத்தம் 12 தடங்கள்.

தயாரிப்பாளர் பில் கோல்ட்டர். 1967இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற ‘பப்பெட் ஆன் எ ஸ்ட்ரிங்’ பாட்டை எழுதிய இருவரில் ஒருவர், அசல் பாப் இசைக்காரர். அப்படிப்பட்டவர் கையில் சிக்கியும் இந்த ஆல்பத்தின் மேல் வயலின் கூட்டமோ டிரம்ஸோ வந்து விழவில்லை. நான்கு பேர் வாசித்தது மட்டும்தான் இருக்கிறது. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

‘பிளாங்ஸ்டி’ என்றால் என்ன பொருள்?

டர்லோ ஓ'கரோலன் (1670–1738) என்று ஒரு ஹார்ப் (யாழ் போன்ற வாத்தியம்) கலைஞர். 18 வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. அப்புறம் ஹார்ப் கற்று, குதிரையேறி ஊர் ஊராகப் போய், தன்னை உபசரித்த வீட்டுக்காரர்கள் பெயரில் மெட்டுகள் போட்டார். அப்படிப்பட்ட மெட்டுகளின் தலைப்பில் ‘பிளாங்ஸ்டி இன்னார்’ என்று வரும். ‘இன்னாருக்காக’ என்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம். சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஆல்பத்தின் மூன்றாவது தடம் ‘பிளாங்ஸ்டி இர்வின்’, ஸ்லைகோவைச் சேர்ந்த கர்னல் ஜான் இர்வினுக்காகக் கரோலன் போட்ட மெட்டு.

குழுவுக்கு முதலில் யோசித்த பெயர் ‘கிளாட்’: கிறிஸ்டி, லியம், ஆண்டி, டோனல் என்ற நான்கு பெயர்களின் முதலெழுத்துகள். நல்லவேளை, மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நான்கு பேர் யார் யார்? எப்படிச் சேர்ந்தார்கள்?

கிறிஸ்டி மூர் பாடுவார், கிட்டார் வாசிப்பார், பௌரான் என்ற ஐரிஷ் கைமுரசு அடிப்பார். கில்டேர் மாவட்டத்தில் நியூபிரிட்ஜ் ஊர்க்காரர், முன்னாள் வங்கி குமாஸ்தா. 1966இல் வங்கி ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தபோது இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போனவர் பாடகராகத்தான் திரும்பினார். பூசூக்கி என்ற கம்பி வாத்தியம் வாசிக்கும் டோனல் லன்னி அவருடைய பள்ளிக்காலத் தோழர். கிறிஸ்டிக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆண்டி அர்வைன் லண்டனில் பிறந்தவர், சின்ன வயதில் நடிகர். மாண்டலின், ஹார்மோனிகா எல்லாம் வாசிப்பார், பாடவும் செய்வார். நான்காவது ஆள் லியம் ஓ'ஃப்ளின், பைப் கலைஞர். இவரும் கில்டேர்தான், கில் என்ற ஊர்.

கிறிஸ்டி மூர் தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்ய 1971இல் இவர்களை அழைத்தார். இடம் கில்டேரில் பிராஸ்பரஸ் என்ற சிற்றூர், அங்கே ஒரு பெரிய பழைய வீட்டின் நிலவறை. 1972இல் வெளிவந்தபோது ஆல்பத்துக்கும் ‘பிராஸ்பரஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். வேறு சில கலைஞர்களும் அதில் உண்டு. ஆனால் இந்த நால்வரும் சேரும் இடங்களில் மட்டும் ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. பிளாங்ஸ்டி பிறந்தது அந்த நிலவறையில்தான்.

எல்லாரும் முதல் தடத்தைப் பற்றியே பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

முதல் தடம் இரண்டு உருப்படிகள் சேர்ந்தது. ‘ராகிள் டாகிள் ஜிப்ஸி’ என்ற பாட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ‘டூர் டம் டு லாவ்’ என்ற பழைய ஹார்ப் மெட்டு. ஆல்பத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தடம் போதும் என்றே சொல்வேன்.

பாட்டின் கதை எளிது. பிரபு வெளியே போன நேரத்தில் அவர் மனைவி ஜிப்ஸிகளோடு கிளம்பிவிடுகிறாள். பிரபு குதிரையில் துரத்திப் போய்ப் பிடித்து, வீட்டை விட்டாயே, நிலத்தை விட்டாயே, இறகு மெத்தையை விட்டாயே என்று கேட்கிறார். அவளுக்கு எதுவும் வேண்டாமாம். இந்தப் பாட்டு பிரிட்டன், அயர்லாந்து முழுக்க எத்தனையோ வடிவங்களில் உண்டு. கிறிஸ்டி எடுத்துக்கொண்டது ஜான் ரைலி பாடியதை. ரைலி ‘டிராவலர்’ எனப்படும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற ஊரில் வறுமையில் வாழ்ந்தவர். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் டாம் மனெல்லி அவர் பாடியதைப் பதிவு செய்துவைத்தார். ஆல்பம் வருவதற்குள் ரைலி இறந்துவிட்டார். வீடே வேண்டாம் என்று போகிற பெண்ணின் பாட்டு, வீடில்லாத ஒரு மனிதரிடமிருந்து வந்திருக்கிறது என்பது தெரிந்த பிறகு எனக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

சரி, இசைக்கு வருவோம். பாட்டு நான்கு எண்ணிக்கையில் துள்ளிக்கொண்டு போகிறது. முடிகிற இடத்தில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. நான்கு மூன்றாக மாறுகிறது. வேகமாக ஓடிய வண்டி ஆற்றுக்குள் இறங்கித் தோணியாக மிதப்பதைப் போல. ‘டூர் டம் டு லாவ்’ என்றால் ஐரிஷ் மொழியில் ‘உன் கையைக் கொடு’ என்று பொருள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ருவரி டால் ஓ காஹான் என்ற பார்வையற்ற ஹார்ப் கலைஞர் போட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு சீமாட்டி அவரைச் சாதாரண வாத்தியக்காரர் என்று நினைத்து ‘வாசி’ என்று அதட்டியிருக்கிறார். இவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அப்புறம் ஆளைத் தெரிந்துகொண்டு அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்க, சமாதானமாக இந்த மெட்டைப் போட்டார் என்று கதை.

தெருவோரத்து நாடோடியின் பாட்டும் பிரபு வீட்டு ஹார்ப் மெட்டும் 1972 வரை அயர்லாந்தில் ஒரே மேடையில் ஏறுவது அபூர்வம். இங்கே ஒன்றின் கையை மற்றொன்று பிடித்துக்கொண்டு நாலரை நிமிடம் போல நடக்கின்றன.

பூசூக்கி கிரேக்க வாத்தியம் ஆயிற்றே? ஐரிஷ் ஆல்பத்தில் எப்படி?

கிரேக்கம்தான். 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹன் என்ற டப்ளின் கலைஞர் அதை ஐரிஷ் மெட்டுகளுக்கு வாசிக்க ஆரம்பித்தார். ‘ஸ்வீனீஸ் மென்’ என்ற குழுவில் அவரும் ஆண்டி அர்வைனும் ஒன்றாக இருந்தவர்கள். டோனல் லன்னிக்கு முதல் பூசூக்கி ஆண்டியின் கையிலிருந்துதான் வந்தது. லன்னி இடது கைக்காரர் என்பதால் கம்பிகளை அவிழ்த்துத் தலைகீழாகக் கட்டிக்கொண்டார்.

கிரேக்க பூசூக்கியின் முதுகு பாதிப் பூசணிக்காய் போல உருண்டிருக்கும். மடியில் நிற்காமல் வழுக்கும். லன்னிக்காக பீட்டர் ஆப்னெட் என்ற ஆங்கிலேய வாத்தியக் கைவினைஞர் முதுகை ஏறக்குறையத் தட்டையாக்கி ஒன்று செய்துகொடுத்தார். அதிலிருந்து ‘ஐரிஷ் பூசூக்கி’ என்று ஒரு வகையே வந்துவிட்டது. இன்றைக்கு அயர்லாந்தில் மதுக்கடையில் நாலு பேர் கூடி வாசித்தால் அதில் ஒரு பூசூக்கி இருக்க வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய 60 ஆண்டே ஆன ‘பாரம்பரியம்’ இது என்றால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் வாத்தியம் புதிது என்பதைவிட அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். ஐரிஷ் இசை அடிப்படையில் ஒற்றை மெட்டு இசை. எத்தனை பேர் வாசித்தாலும் எல்லாரும் அதே மெட்டைத்தான் வாசிப்பார்கள். பக்கவாத்தியம் என்றால் நடனக் குழுக்களில் பியானோ ‘டங் டங்’ என்று தட்டும். பாட்டுக் குழுக்களில் கிட்டாரைப் பரபரவென்று தேய்ப்பார்கள். லன்னி இரண்டையும் செய்யவில்லை. கிறிஸ்டி பாடும்போது பூசூக்கி கீழே தனியாக ஒரு சின்ன மெட்டைப் பின்னிக்கொண்டு போகிறது. ஆண்டியின் மாண்டலின் மேலே இன்னொன்றைப் பின்னுகிறது. இரண்டும் இடிக்காது, ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். பாட்டு நடுவில் நிம்மதியாக நடந்து போகும். ஹெட்ஃபோனில் ஒரு தடவை பாட்டை விட்டுவிட்டு இந்த இரண்டு கம்பி வாத்தியங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

லியம் வாசிக்கும் அந்த ஊதுகிற வாத்தியம் ஸ்காட்லாந்து பேக்பைப்தானே?

இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இது ‘இல்லின் பைப்ஸ்’. வாயால் ஊதுவதே கிடையாது. ‘உல்லின்’ என்றால் ஐரிஷில் முழங்கை. ஒரு கைக்கடியில் சின்னத் துருத்தி, மற்றொரு கைக்கடியில் பை. முழங்கையால் துருத்தியை அழுத்தி அழுத்திப் பைக்குக் காற்று அனுப்ப வேண்டும். உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். வாய்க்காற்றின் ஈரம் இல்லாததால் உள்ளே இருக்கும் மெல்லிய நாணல் சீவாளிகள் தாக்குப்பிடிக்கின்றன. ராணுவ அணிவகுப்பு பைப் மாதிரி காதைப் பிளக்காது, அறைக்குள் கேட்கிற வாத்தியம்.

மெட்டு வாசிக்கும் குழலில் இரண்டு ஸ்தாயி கிடைக்கும். கூடவே ஆதார சுருதி பிடிக்க மூன்று குழல்கள். இதெல்லாம் போதாதென்று ‘ரெகுலேட்டர்’ என்று சாவிகள் வைத்த இன்னும் மூன்று குழல்கள் தொடைமேல் கிடக்கும். விரல்கள் மெட்டை வாசிக்கிற அதே நேரத்தில் மணிக்கட்டின் அடிப்பாகத்தால் அந்தச் சாவிகளை அழுத்தினால் பக்கத்துணையாக ஸ்வரக்கூட்டங்கள் வரும். மெட்டுக் குழலின் அடியைத் தொடையில் அழுத்தி மூடினால் சத்தம் சட்டென்று நிற்கும். அதனால்தான் ஸ்வரங்களை முத்து முத்தாக வெட்டி வாசிக்க முடிகிறது. பைப் கலைஞர் ஒருவர் உருவாக 21 ஆண்டு ஆகும் என்பார்கள்: 7 ஆண்டு கற்க, 7 ஆண்டு பழக, 7 ஆண்டு வாசிக்க.

லியம் ஓ'ஃப்ளின் டப்ளினில் லியோ ரௌசமிடம் முறையாகக் கற்றவர். வில்லி கிளான்சி, ஷேமஸ் எனிஸ் என்ற இரண்டு மேதைகளிடமும் பழகியவர். எனிஸ் 1982இல் காலமானபோது தன் பைப்பை இவருக்கே விட்டுச்சென்றார். மேடையில் மற்ற மூவரும் தலைமுடியும் தாடியுமாக இருக்க, இவர் மட்டும் அசையாமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பார். பழைய காணொளிகளில் பாருங்கள், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி இருப்பார். காதில் விழுவதோ வேறு.

பாட்டுகள் எல்லாமே பழையவையா?

இல்லை. ‘ஸ்வீட் தேம்ஸ் ஃப்ளோ சாஃப்ட்லி’ இவான் மக்கால் என்ற ஆங்கிலேயப் பாடலாசிரியர் எழுதியது. தேம்ஸ் ஆற்றில் படகில் போகும் காதல் பாட்டு, லண்டன் இடப்பெயர்கள் வரிசையாக வரும். ஐரிஷ் ஆல்பத்தில் லண்டன் ஆறு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கிறிஸ்டி மூர் பாடிப் பழகியது இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் மன்றங்களில், அந்த ஊர்ப் பாட்டும் அவருடையதுதானே.

‘தி வெஸ்ட் கோஸ்ட் ஆஃப் கிளேர்’ ஆண்டி அர்வைன் எழுதியது. கிளேர் மாவட்டத்தின் கடற்கரை ஊரான மில்டவுன் மால்பேயில் கழித்த பழைய நாட்களின் நினைவு. ஒரு காதலும் அதில் மறைந்திருக்கிறது. அழுது வடியாத சோகம், கடற்காற்று மட்டும் அடிக்கிற சோகம். மேலே சொன்ன வில்லி கிளான்சியின் ஊரும் இதுதான். அவர் 1973 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு அவர் பெயரில் அங்கே தொடங்கிய கோடைக்கால இசைப்பள்ளி இன்றும் நடக்கிறது.

கடைசித் தடமான ‘தி பிளாக்ஸ்மித்’ இங்கிலாந்தின் பழம்பாட்டு, கொல்லன் ஒருவனை நம்பி ஏமாந்த பெண் பாடுவது. பாட்டு முடிந்ததும் ஒரு வாத்திய வால் வருகிறது. அது ஆண்டியின் சொந்தச் சரக்கு. 1968 வாக்கில் அவர் பால்கன் நாடுகளில் சுற்றிவிட்டு வந்தவர். அந்த ஊர்ச் சுழற்சியும் பதற்றமும் அதில் அப்பட்டமாகத் தெரியும். பிற்காலத்தில் ஐரிஷ் குழுக்கள் பல்கேரியத் தாளங்களோடு மல்லுக்கட்டியதற்கெல்லாம் பிள்ளையார் சுழி இந்த வால்தான் என்பது என் கணிப்பு.

ஐரிஷ் மொழிப் பாடல் எத்தனை இருக்கிறது?

ஒன்றுகூட இல்லை. பாட்டெல்லாம் ஆங்கிலம். ‘டூர் டம் டு லாவ்’, ‘ஷீ வேக், ஷீ வோர்’ ஆகிய இரண்டு தலைப்புகள் மட்டும் ஐரிஷ். இரண்டும் சொல்லில்லாத மெட்டுகள். இரண்டாவது கரோலன் போட்ட முதல் மெட்டு என்று சொல்வார்கள். லீட்ரிம் மாவட்டத்தில் இரண்டு குன்றுகள், அவற்றில் வாழும் தேவதைக் கூட்டங்களுக்குள் நடந்த சண்டை. வாசிப்பைவிட மெட்டுப் போடுவது உனக்குக் கைகூடலாம் என்று அந்த ஊர்க் கனவான் ஒருவர் சொல்லப்போய், இளம் கரோலன் இதைப் போட்டாராம். சண்டை மெட்டு என்றால் நம்ப முடியாது, தாலாட்டு மாதிரி இருக்கும்.

அரசியல் இருக்கிறதா?

இருக்கிறது, மூன்று விதமாக.

‘ஆர்தர் மெக்பிரைட்’ படைக்கு ஆள் பிடிப்பதைக் கிண்டலடிக்கும் பாட்டு. கிறிஸ்துமஸ் காலையில் கடற்கரையில் உலாவும் இரண்டு இளைஞர்களிடம் ஒரு சார்ஜண்ட் வந்து சம்பளம், பளபளப்பான சீருடை என்று ஆசை காட்டுகிறார். ஆர்தர் மசியவில்லை. சீருடை உனக்கே சொந்தமில்லை, இரவல்தான் என்கிறான். சார்ஜண்ட் வாளைக் காட்டி மிரட்ட, உருவுவதற்குள் தடியால் ஒரு போடு போடுகிறார்கள். கூட வந்த பையனின் முரசைப் பந்தாக உதைத்துக் கடலில் எறிகிறார்கள். ஆண்டி இதைச் சிரித்த முகத்தோடு பாடுவது குரலிலேயே தெரிகிறது.

‘ஃபாலோ மீ அப் டு கார்லோ’ வீரப்பாட்டு. 1580இல் விக்லோ மலையில் கிளென்மலூர் என்ற பள்ளத்தாக்கில் ஃபியாக் மெக்ஹ்யூ ஓ'பிர்ன் தலைமையிலான ஐரிஷ் படை ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்த காலத்தைப் பற்றியது. வரிகளை எழுதிய பி. ஜே. மக்கால் அதற்கு 300 ஆண்டு பிந்தியவர். ரத்தம் சொட்டும் வரிகள், கால் தானாகத் தாளம் போடும். அந்தப் பொருத்தம் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

‘ஒன்லி அவர் ரிவர்ஸ்’ ஃபெர்மானா மாவட்டத்து மிக்கி மக்கானல் 1960களில் எழுதியது. நாட்டில் ஆறுகள் மட்டும்தான் சுதந்திரமாக ஓடுகின்றன என்பது சாரம். அந்த மாவட்டம் அயர்லாந்து பிரிவினைக்குப் பின் வட அயர்லாந்தில், எல்லையோரத்தில் மாட்டிக்கொண்டது. ஆல்பம் பதிவான அதே 1972ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படையினர் ஊர்வலத்தில் வந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டில் இதைப் பாடும்போது எவ்வளவோ கத்தியிருக்கலாம். கிறிஸ்டி குரலை உயர்த்தவே இல்லை.

அப்போது மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

1972இல் கால்வே நகரில் டோனவன் என்ற பிரபல பாடகரின் கச்சேரிக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். பெரிய கூட்டத்துக்கு முன் அதுதான் ஆரம்பம். கூட்டம் கத்திய கத்தலில், மேடை விளக்கின் கூச்சத்தில் எதுவும் தெரியாத ஆண்டி அர்வைன் கலவரம் வெடிக்கப்போகிறது என்று பயந்துவிட்டார். அது சந்தோஷக் கூச்சல் என்று புரியச் சில நிமிடம் ஆனதாம். ராக் இசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தங்கள் தாத்தா காலத்து பைப்பைக் கேட்டு நாற்காலி மேல் ஏறினால் யாருக்குத்தான் புரியும்?

குறை என்று எதுவும் இல்லையா?

‘தி ஜாலி பெக்கர்’ எனக்கு ஒட்டவில்லை. பிச்சைக்காரன் வேடத்தில் வந்து அந்த வீட்டுப் பெண்ணை மயக்கும் கதை, அடுத்து வரும் ‘ரீல்’ என்ற வேக நடன மெட்டுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். அப்புறம், கிறிஸ்டி மூரின் பிற்காலப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே அவர் குரல் இளசாக, கொஞ்சம் அவசரப்படுவதாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

புதிதாகக் கேட்கிறவர் எங்கே தொடங்கலாம்?

முதல் தடம், ஆறாவதான ‘வெஸ்ட் கோஸ்ட் ஆஃப் கிளேர்’, கடைசித் தடம். பைப் பிடித்துப்போனால் ‘மெரிலி கிஸ்ட் தி குவேக்கர்’. அதற்குமேல் என் சிபாரிசு தேவைப்படாது.

‘கிளிஃப்ஸ் ஆஃப் டூனீன்’ இதில் இல்லையே?

இல்லை. அது ‘பிராஸ்பரஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. 1972இல் பிளாங்ஸ்டி தனி இசைத்தட்டாகவும் போட்டு அயர்லாந்தில் நன்றாக ஓடியது; இந்த ஆல்பத்தில் சேர்க்கவில்லை.

இதே நால்வர் அப்புறம் எத்தனை ஆல்பம் செய்தார்கள்?

1973இலேயே ‘தி வெல் பிலோ தி வேலி’ வந்தது. அதன் தலைப்புப் பாட்டும் ஜான் ரைலியிடமிருந்து வந்ததுதான். உடனே லன்னி விலகினார். இடத்துக்கு வந்தவர், பூசூக்கியை அயர்லாந்துக்குக் கொண்டுவந்த அதே ஜானி மொய்னிஹன். 1974இல் ‘கோல்ட் புளோ அண்ட் தி ரெய்னி நைட்’, அந்த ஆண்டே கிறிஸ்டியும் விலகி பால் பிரேடி வந்தார். 1975 முடிவில் குழுவே கலைந்தது. பழைய நால்வரும் 1970களின் இறுதியில் மறுபடி கூடி, வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு 1979, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள் செய்தார்கள். 2004இல் டப்ளினின் விகார் ஸ்ட்ரீட் அரங்கில் நால்வர் மட்டும் ஏறிய மேடை நேரடிப் பதிவாகக் கிடைக்கிறது. 2012இல் லியம், ஆண்டி, டோனல் மூவரும் ஃபிடில் கலைஞர் பேடி கிளாக்கினோடு சேர்ந்து வாசித்தபோது குழுவுக்கு ‘எல்.ஏ.பி.டி.’ என்று பெயர் வைத்தார்கள். 40 ஆண்டு கழித்தும் அதே முதலெழுத்து வேலை! லியம் ஓ'ஃப்ளின் 2018 மார்ச்சில் காலமானார்.